பதினேழாம் நம்பர் பலகைச் சுவர்

கையை நிறுத்திய பிறகும் சத்தம் நிற்கவில்லை.

ஒரு மூச்சு நேரம்தான். நீலாவதி கதவு நிலையில் தாழ்ப்பாளுக்கான நாலாவது துளையைப் போட்டு முடித்து, கை டிரில்லின் பிடியை விட்டுவிட்டு, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டிருந்தாள். பல்சக்கரம் நின்றுவிட்டது. பிடி அவள் கண்ணெதிரே அசையாமல் தொங்கியது. ஆனாலும் அந்தக் 'கிர்ர்' என்ற சத்தம் எங்கேயோ இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியது. அவள் நிறுத்திவிட்டாள் என்பதைத் தாமதமாகக் கவனித்தவர் யாரோ அவசரமாகத் தன் கையையும் நிறுத்திக்கொண்டதுபோல, அப்புறம் ஓய்ந்தது.

தகரக் கூரை சத்தத்தைத் திருப்பி அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். புகைக்கூடத்திலிருந்து ரப்பர் ஷீட் காயும் புளித்த வாடை வந்தது. ஐந்து வயதுப் பாக்கியம் பாயில் உட்கார்ந்து, தரையில் விழுந்த மரத்தூளைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தாள். பயப்பட அதில் ஒன்றும் இல்லை.

அந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. காட்டில் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டை போடுகிறவர்களுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாது என்று, பகாவ் டவுன் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் சிதறிக் கிடந்த பழைய லயங்களை, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளையெல்லாம் காலிசெய்து, ஆட்களை ஓரிடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். ஒரு கூரைக்கு இரண்டு வீடு. நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர். நீலாவதிக்குக் கிடைத்தது பதினாறாம் நம்பர். ஒட்டியிருந்த பதினேழாம் நம்பரில் ஆள் இல்லை. அவள் புருஷன் முருகையாவை எட்டு மாதத்துக்கு முன்னால் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யாருக்கோ அரிசி கொடுத்தான் என்று சந்தேகம். தடுப்பு முகாமிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் வரவில்லை.

புது வீட்டுக் கதவில் வளைத்த கம்பி ஒன்றுதான் கொக்கியாக இருந்தது. வெளியிலிருந்து ஒரு குச்சியை விட்டு நெம்பினால் திறந்துவிடும். அதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. முந்தின நாள்தான் அனுமதி வாங்கி, தோட்டத்து லாரியில் பகாவ் போய், மதார் மைதீன் கடையில் இரண்டு இரும்புத் தாழ்ப்பாள் கேட்டாள்.

"ஆணி அடிச்சு மாட்டிக்கலாமே, தாயி?" என்றார் மைதீன்.

"பலகை காஞ்சு கிடக்கு பாய். ஆணி வச்சா பிளந்துக்குது."

"அப்போ துளை போட்டுத் திருகாணிதான் முடுக்கணும். தோட்டத்துல தச்சன் இருப்பானே, கூப்பிட வேண்டியதுதானே?"

"வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்கு ஆம்பள வந்து போனா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நானே பண்ணிக்குவேன்."

மைதீன் அவளை ஒருமுறை பார்த்தார். உள்ளே போய் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு முழ நீளம். ஒரு நுனியில் மரப்பிடி, நடுவில் பல்சக்கரம், பக்கத்தில் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி, மறுநுனியில் முறுக்கிய இரும்பு ஊசி.

"கை டிரில். இதுக்குக் கரண்டு வேணாம், ஒயரு வேணாம். இந்த மரப்பிடிய நெஞ்சுல அழுத்திக்க. சுத்து. அவ்வளவுதான்." ஒரு பெட்டிப் பலகையை நிமிர்த்தி அவள் கையில் டிரில்லைக் கொடுத்தார். அவள் சுற்றினாள். ஊசி மறுபக்கம் வந்ததும் பலகையைத் திருப்பிக் காட்டினார். "பாத்தியா? ஊசி நுழைஞ்ச பக்கம் வாய் சுத்தமா இருக்கு. வெளிய வந்த பக்கம் சிராய் கிளம்பியிருக்கு. கண்ணுக்குத் தெரியிற பக்கத்துலேர்ந்துதான் எப்பவும் துளைக்கணும்."

வேலி வாசலில் துருவித் துருவிக் கேட்டுவிட்டுத்தான் அதை உள்ளே விட்டார்கள்.

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாளும் மாட்டி முடிக்கையில் சாயங்காலம் ஆகிவிட்டது. உள்ளங்கை கொப்பளித்திருந்தது. தாழ்ப்பாளைத் தள்ளியதும் 'டக்' என்று இரும்பு இரும்பில் உட்கார்ந்தது. அன்றைக்கு அவள் தூங்கினாள்.

திங்கட்கிழமை பால் வெட்டிக்கொண்டிருக்கும்போதே வெடிச் சத்தம் கேட்டது. பெரிய சாலையில் யாரோ லாரியை மறித்து எரித்துவிட்டார்களாம். வாளியில் பாதிப் பாலோடு எல்லாரையும் வேலிக்குள் விரட்டினார்கள். மத்தியானம் கர்ஃபியூ போட்டார்கள். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் பிடிக்கலாம். மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குள். வேலிப் பக்கம் பார்த்த ஜன்னல்களையெல்லாம் வெளியிலிருந்து பலகை வைத்து ஆணி அடித்தார்கள். நீலாவதியின் வீட்டில் இருந்ததே ஒரு ஜன்னல். அதுவும் வேலிப் பக்கம்தான்.

ஆணி அடித்தவர்களோடு ஆறுமுகம் வந்தான். அவளோடு ஒரே நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். இப்போது காக்கிச் சட்டையும் துப்பாக்கியுமாக ஸ்பெஷல் போலீஸ்.

"எத்தனை நாளு தம்பி?" என்று கதவுக்குள்ளிருந்து கேட்டாள்.

"தெரியாதுக்கா. வெளியூர்லேர்ந்தும் ஆள் வந்திருக்கு. வெளிய கால் வச்சா சுடச் சொல்லி ஆர்டர்லா. புள்ளைய விட்றாதீங்க."

ஜன்னல் போனதும் வீடு வேறு வீடாகிவிட்டது. பட்டப்பகலிலேயே உள்ளே சாயங்காலம்போல் மங்கியது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியில் வந்த வெளிச்சம் மேலேயே நின்றுகொண்டது, தரைக்கு இறங்கவில்லை. தகரம் காய்ந்து முறுக்கேறி 'டிங்', 'டிங்' என்று ஒலித்தது. மண்ணெண்ணெய் வாடை, அடுப்புச் சாம்பல் வாடை, அவர்கள் இருவரின் வியர்வை, மூலையில் வைத்த வாளி. மூச்சை இழுத்தால் எல்லாம் சேர்ந்து சூடாக உள்ளே போனது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாக்கியம் கேட்டாள். "அம்மா, நீ சுத்துறியா?"

நீலாவதி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் அகப்பை. டிரில் எதிரே பரணில், எண்ணெய்த் துணிக்குள் இருந்தது.

"எதைச் சுத்துறேன்?"

"அதை."

அப்போதுதான் அவள் காதிலும் விழுந்தது. மெல்ல, மிக மெல்ல, பொறுமையாக. கிர்ர். நிறுத்தம். கிர்ர். பதினேழாம் நம்பரோடு ஒட்டிய சுவரில், பாய் விரிக்கிற இடத்துக்கு மேலே, அவள் முழங்கால் உயரத்தில். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தில் பலகை லேசாக வீங்கி, ஒரு சிராய் எழும்பி, இன்னொரு சிராய் எழும்பி, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. சத்தம் நின்றது.

பயத்தைவிட முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பக்கத்து வீட்டில் எவனோ ஒளிந்திருக்கிறான். சுவரைத் தட்டி, "யாரு?" என்றாள். துளைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். கண்ணை வைக்கத் துணியவில்லை. கன்னத்தில்தான் பட்டது: காற்று. அந்த வேகாத வெயிலில், அந்த அடைத்த வீட்டில், ஊசி அளவு குளிர்ந்த காற்று. மழை பெய்துகொண்டிருக்கும் இடத்திலிருந்து வருகிற காற்று. நனைந்த மண்ணும், அழுகிய ரப்பர் இலையும், நனைந்த துணியும் அதில் மணத்தன.

வெளியே மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

விறகுச் சிம்பு ஒன்றைக் கத்தியால் சீவி, ஆப்பு மாதிரி அந்தத் துளைக்குள் அடித்து இறுக்கினாள். பாயை எதிர்ச் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டாள். அன்று முழுவதும் பாக்கியத்தை மடியிலிருந்து இறக்கவில்லை.

புதன்கிழமை காலை தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் ஆறுமுகத்தைத் தேடிப் பிடித்தாள். "பதினேழுல யாரோ இருக்காங்க தம்பி. திறந்து பாரு."

"அது பூட்டுப் போட்ட வீடுக்கா. சாவி மண்டோர்கிட்ட இருக்கு."

"திறந்து பாருன்னு சொல்றேன்லா."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவன் கங்காணியிடம் போய்ச் சாவி வாங்கி வந்தான். கதவைத் திறந்ததும் பூட்டிய வீட்டின் வெந்த காற்று முகத்தில் அடித்தது. உள்ளே ஒன்றும் இல்லை. சிமென்டுத் தரையில் மாவு தூவியதுபோல் தூசி. அதன்மேல் ஒரு கால்தடம் இல்லை. ஆறுமுகம் நடந்தபோதுதான் முதல் தடம் விழுந்தது. அவன் நடுச்சுவருக்குப் போய் உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தடவினான்.

"எங்கக்கா துளை?"

நீலாவதி பார்த்தாள். முழங்கால் உயரத்தில், அவள் ஆப்பு அடித்த இடத்தில், இந்தப் பக்கம் பலகை வழுவழுவென்று முழுசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஆப்பின் நுனியும் இல்லை.

அவன் பதினாறுக்கும் வந்து பார்த்தான். அங்கே ஆப்பு இருந்தது. சுற்றிலும் சிராய் இருந்தது. அவன் கண் பரணுக்குப் போனது.

"இதை வச்சு நீங்களே போட்டதுதானே?" குரலில் கடுமை இல்லை, இரக்கம்தான் இருந்தது. "அடைஞ்சு கிடந்தா எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுது. அஞ்சாம் நம்பர் முத்தாயி அக்காகூட நேத்து ஒரே அழுகை. இந்த டிரில்ல நான் கொண்டுபோய் காவல் கொட்டகையில வைக்கட்டுமா? கர்ஃபியூ எடுத்ததும் தர்றேன்."

"கொண்டு போ," என்றாள். உடனே சொன்னாள். அவன் அதை எடுத்துக்கொண்டு போவதை வாசலில் நின்று கடைசிவரை பார்த்தாள். அப்புறம் கதவைச் சாத்தி இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். இனி அந்த வீட்டில் சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

மத்தியானம் மறுபடியும் ஆரம்பித்தது.

இந்தமுறை நிறுத்தாமல். அவள் காதைப் பொத்தினாள். சத்தம் பலகை வழியாகத் தரைக்கு வந்து, தரை வழியாக அவள் எலும்புக்கு ஏறியது. ஆப்பு மெல்லத் திரும்பியது. திரும்பித் திரும்பி வெளியே வந்து, தரையில் விழுந்து உருண்டது. அதை ஒட்டி இன்னொரு துளை. அதை ஒட்டி இன்னொன்று. ஒவ்வொன்றும் சிராயை இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு. எல்லாமே அந்தப் பக்கத்திலிருந்து.

சாயங்காலத்துக்குள் ஒரு முழம் நீளத்துக்கு நேர்க்கோடாக வந்துவிட்டது. அந்தக் கோடு மேல்நோக்கிப் போனது. அவள் இடுப்பு உயரம், மார்பு உயரம். அங்கே பக்கவாட்டில் திரும்பியது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ரம்பம் இல்லாதவர்கள் பலகையில் வழி வெட்டுகிற விதம் அது. முருகையா பழைய லயத்தில் கோழிக்கூண்டுக்கு அப்படித்தான் வெட்டினான்: ஒன்றை ஒட்டி ஒன்றாகச் சுற்றிலும் துளை போட்டுக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு தட்டு. துண்டு கழன்று விழும்.

யாரோ கதவு செய்துகொண்டிருந்தார்கள்.

யாரென்று அவளுக்குத் தெரியும். துளையின் காற்றில் முதல் தடவை அந்த நனைந்த துணி வாடை வந்தபோதே தெரியும். பதினேழாம் நம்பர் யாருக்கென்று முன்னாலேயே எழுதிய பட்டியல் ஒட்டியிருந்தார்கள். தாயம்மா என்று ஒரே ஒரு பேர். பழைய லயத்தில் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தவள். முருகையாவைப் பிடித்துக்கொண்டு போன அன்று மூன்று வேளையும் சோறாக்கிக் கொண்டுவந்து கொடுத்தவள். புது இடத்துக்கு மாறுவதற்குப் பத்து நாள் முன்னால், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு இன்னும் ஆள் கூடாத விடியற்காலை, கொட்டுகிற மழையில், அவள் நீலாவதியின் கதவைத் தட்டினாள்.

"நீலா, கதவைத் திற. வர்றாங்க. நீலா!"

யார் வந்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. காட்டிலிருந்து வந்தவர்களா, போலீஸ் பக்கத்து ஆட்களா. மழையில் பல கால்கள் ஓடிவரும் சத்தம் மட்டும் நீலாவதிக்குக் கேட்டது. அவள் எழுந்தாள். கதவுவரை போனாள். கொக்கியில் கை வைத்தாள். பாக்கியம் தூக்கத்தில் முனகினாள். நீலாவதி கொக்கியை விட்டுவிட்டுத் திரும்பி, கதவில் முதுகைக் கொடுத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, அழுத்திக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் தட்டுவது நின்று பிறாண்டுவது கேட்டது. பலகையின் நடுக்கம் அவள் முதுகில் ஏறியது. "நீலா, நீ நிக்கிறது தெரியுது," என்றாள் தாயம்மா. கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அப்புறம் இழுபடுகிற சத்தம். அப்புறம் மழை.

விடிந்து பார்த்தபோது கதவில் எட்டு நீளக் கீறல்கள். இரண்டு கீறல்களின் முடிவில் நகம் பலகையில் பதிந்து நின்றது. கத்தி முனையால் அதை நோண்டி எடுத்து அடுப்பில் போட்டாள். விசாரிக்க வந்தவர்களிடம், "அசந்து தூங்கிட்டேங்க, ஒண்ணும் கேக்கல," என்றாள். தாயம்மா கிடைக்கவில்லை.

"தாயம்மா அக்கா," என்று நீலாவதி சுவரைப் பார்த்துச் சொன்னாள். வாய்விட்டு அந்தப் பேரைச் சொல்வது அன்றிலிருந்து அதுதான் முதல் தடவை.

சுற்றுவது நின்றது.

"புள்ளை இருந்துச்சுக்கா. அதான். எனக்கு வேற வழி தெரியல."

அத்தனை துளைகளிலிருந்தும் குளிர்ந்த காற்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பாக்கியம் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, யாரு அந்தப் பக்கம்?"

"யாரும் இல்ல."

கிர்ர்.

வியாழக்கிழமை விடிந்தது. தண்ணீருக்கு விடும் மணி அடிக்கவில்லை. இரவில் வேலியருகே யாரையோ பார்த்தார்களாம். இன்றைக்கு யாருக்கும் வெளியே அனுமதி இல்லை என்று தெருவில் தகரக் குழாய் வைத்துக் கத்திக்கொண்டு போனார்கள். குடத்தில் நாலு விரல் தண்ணீர் இருந்தது. கோடு மேலே போய்த் திரும்பி, மறுபக்கம் இறங்கி, இடுப்புக்குக் கீழே வந்துவிட்டது. தரைக்கு இன்னும் இரண்டு முழம்.

பாக்கியத்தை இடுப்பில் தூக்கினாள். மேல்தாழ்ப்பாளை இழுத்தாள். கீழ்த்தாழ்ப்பாளை இழுத்தாள். கதவைத் திறந்தாள்.

வெயில் கண்ணைக் குத்தியது. தெரு வெறிச்சென்று கிடந்தது. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு காலைப் படியில் வைத்தாள். தெருமுனையில் காக்கிச் சட்டை ஒன்று திரும்பியது. ஆறுமுகம் இல்லை. அவள் பார்த்திராத முகம். சின்னப் பையனுடைய, பயந்த முகம்.

"மாசோக்! மாசோக்!" உள்ளே போ என்று மலாயில் கத்தினான்.

"ஐயா, வீட்டுக்குள்ள..." என்று அவள் இன்னொரு காலையும் இறக்கினாள்.

குண்டு கூரைத் தகரத்தில் பட்டுக் கீறிக்கொண்டு போனது. பாக்கியம் அலறினாள். நீலாவதி உள்ளே விழுந்தாள். கதவைச் சாத்தியதும் அவள்தான். தாழ்ப்பாள்களைப் போட்டதும் அவள்தான். கை தானாகச் செய்தது. 'டக்'. 'டக்'.

அப்புறம் அந்த இருட்டில் உட்கார்ந்து, தான் எதை வெளியே பூட்டினோம், எதோடு உள்ளே பூட்டிக்கொண்டோம் என்று நினைத்துப் பார்த்தாள்.

துணிமணி வைத்த தகரப் பெட்டியை இழுத்துவந்து சுவரில் முட்டுக் கொடுத்தாள். அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். அரிசிப் பானையை வைத்தாள். பெட்டியில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் ஊன்றி உட்கார்ந்தாள். எதிரே, எட்டித் தொடும் தூரத்தில், பாயில் பாக்கியம். குழந்தை அழுது அழுது உதடு காய்ந்து தூங்கிப்போனாள். மிச்சத் தண்ணீரை அவளுக்கென்று எடுத்து வைத்துவிட்டாள்.

சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் முதுகுக்கு இரண்டு சாண் தள்ளி. ஒரு சாண் தள்ளி. மரத்தூள் வாடை. ஈர வாடை. தகரம் 'டிங்' என்றது. வெயில் உச்சிக்கு ஏறியது. ஊசி ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் அவள் பல்லைக் கடித்தாள்.

பெட்டிக்குப் பின்னால் கேட்டது.

தரையோரம்.

நின்றது.

அவள் காத்திருந்தாள். தட்டுவார்கள். ஒரு தட்டுத்தான் பாக்கி. காலை இன்னும் அழுத்தி ஊன்றினாள். தட்டவில்லை. நேரம் போனது. ஒரு சத்தமும் இல்லை. குளிர்ந்த காற்று மட்டும் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு நாளாகத் தூங்காத உடம்புக்கு, அந்த வெக்கையில், அந்தக் காற்று எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்ததுதான் தெரியும்.

விழித்தபோது அவள் தரையில் படுத்திருந்தாள்.

அம்மிக்கல் பக்கத்தில் இருந்தது. அரிசிப் பானை அதற்குப் பக்கத்தில், ஒரு மணி சிந்தாமல். தகரப் பெட்டி ஓரமாக நகர்ந்திருந்தது. எதுவும் விழவில்லை. யாரோ தூங்குகிறவளை எழுப்பக்கூடாது என்று பதனமாக எடுத்து எடுத்து வைத்திருந்தார்கள். அவள் தலைக்கு அடியில், சுருட்டிய ஈரத்துணி ஒன்று.

சுவரில் வழி இருந்தது. வெட்டிய பலகைத் துண்டு பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது.

பாயில் பாக்கியம் இல்லை.

"பாக்கியம்."

தவழ்ந்து போனாள். வழியின் விளிம்பில் கை வைத்தாள். சிராய் உள்ளங்கையில் ஏறியது. அவள் அதை உணரவில்லை. அந்தப் பக்கம் தூசி இல்லை. சிமென்டுத் தரையும் இல்லை. சேறு. ரப்பர் இலைகள். எங்கேயோ மழை பெய்கிற ஓசை. இருட்டு. கண் பழகப் பழக, இருட்டுக்குள் இன்னும் கறுப்பாக, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த ஓர் உருவம். நனைந்து உடம்போடு ஒட்டிய சேலை. முன்பக்கம் தொங்கிய ஈர முடி. முகம் தெரியவில்லை.

அதன் மடியில் பாக்கியம் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. தூங்குகிறாளா என்று தெரியவில்லை. மார்பு ஏறி இறங்குகிறதா என்று நீலாவதி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தெரியவில்லை.

வெளியே தெருவில் பூட்ஸ் சத்தம். நடந்து வந்தது. கதவுக்கு நேரே நின்றது.

"அக்கா?" ஆறுமுகத்தின் குரல். "இங்க சுட்டாங்கன்னு சொன்னாங்க. உள்ள ஒண்ணும் ஆகலையே? தண்ணி கொண்டாந்திருக்கேன். கதவைத் திறங்க."

உருவத்தின் ஒரு கை நகர்ந்தது. விரல்கள் குழந்தையின் கழுத்தைச் சுற்றி, ஒவ்வொன்றாக, மெதுவாக அமர்ந்தன. அந்த விரல்களின் நுனியில் நகம் இல்லை. சதை மட்டும். சதையில் அப்பிய மரத்தூள். ஊசி தேடி அவள் அந்தக் கையைச் சுற்றிப் பார்த்தாள். ஊசி இல்லை. இரும்பு எதுவுமே இல்லை. விரல் நுனிகள்தான் தேய்ந்து கூராகியிருந்தன.

"அக்கா, கேக்குதா? கதவைத் திறங்கக்கா."

அவன் தட்டினான். ஒரு தடவை. இரண்டு தடவை. விரல்கள் கொஞ்சம் இறுகின.

நீலாவதி வாயைத் திறந்தாள். மூடினாள்.

தட்டுவது நின்றது. பூட்ஸ் சத்தம் கொஞ்சநேரம் அங்கேயே நின்று, அப்புறம் நடந்து போனது. விரல்கள் தளர்ந்தன.

இருட்டுக்குள் மற்றொரு கை நீண்டு, பக்கத்தில் சேற்றை மெல்லத் தட்டியது. அங்கே வந்து உட்காரச் சொல்லி. நீலாவதி அசையவில்லை.

அது பொறுமையாக மறுபடியும் தட்டியது.